காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு வரியை மாற்றுவதற்குக் கட்டணம் வாங்கலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, சுங்கை ஆராவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கண் பார்வை மங்கி வருவதால் என் சிறிய காரை விற்றுவிட்டேன். விற்றபோது காப்புறுதியைப் புதுப்பித்து மூன்று மாதமும் பத்து நாளும் ஆகியிருந்தன. ஆண்டுப் பிரிமியம், வரி நீங்கலாக, 960 ரிங்கிட். எழுநூறு ரிங்கிட்டாவது திரும்பக் கிடைக்கும் என்று எண்ணியிருந்தேன். முகவரோ நிர்வாகக் கட்டணம் என்று 50 ரிங்கிட்டைக் கழித்துக்கொண்டு 310 ரிங்கிட் மட்டும் என் கணக்கில் செலுத்தினார். இப்போது என் கணவரின் கார்ப் பத்திரத்தில் முகவரியை மாற்றவும் மகளை ஓட்டுநராகச் சேர்க்கவும் ஒவ்வொன்றுக்கும் 30 ரிங்கிட் கேட்கிறார். இங்கிலாந்தில் வேலை செய்யும் என் மகன், அங்கேயும் இப்படி வாங்குவது வழக்கம்தான், பேசாமல் கொடுத்துவிடுங்கள் என்கிறான். பட்டர்வொர்த் வீட்டின் தீ காப்புறுதிக்கும் அதே முகவர்தான். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்னொரு 30 ரிங்கிட் என்பாரோ என்று இன்னும் எதுவும் சொல்லவில்லை. இப்படிக் கட்டணம் வாங்குவது முறைதானா? நான் என்ன செய்ய வேண்டும்? பத்திரங்களின் பிரதிகளை இணைத்திருக்கிறேன்.
ஓய்வு பெற்ற ஆசிரியை, சுங்கை ஆரா, பினாங்கு

பதில்:

மதிப்புக்குரிய அம்மா,

முறைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாற்றத்தைத் தெரிவிக்கும் கடமையைப் பத்திரமே உங்கள் மீது சுமத்தியிருக்கும்போது, அந்தக் கடமையை நிறைவேற்றியதற்காக உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. உங்கள் வசதிக்காக மட்டும் நீங்கள் கேட்கும் வேலைக்கு, அதாவது தொலைந்துபோன பத்திரத்துக்கு மறுபிரதி தருவது போன்றவற்றுக்கு, செலவுக்கு ஏற்ற ஒரு சிறு தொகையை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து வாங்கினால் அதில் எனக்கு மறுப்பில்லை. கோலாலம்பூரில் ஒரு பொதுக் காப்புறுதி நிறுவனத்தின் பத்திர மாற்றப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்து, பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் நிதி ஆலோசகராக அமர்ந்தவன் என்ற முறையில் இந்த வேறுபாட்டை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது அவசரமானது. பட்டர்வொர்த் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை நிறுவனத்துக்கு இன்னும் தெரிவிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பியிருப்பது வழக்கமான தீ காப்புறுதிப் பத்திரம். அதன் நிபந்தனைகளில், காப்புறுதி செய்யப்பட்ட கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், நிறுவனத்தின் சம்மதம் எண்டார்ஸ்மென்ட்டாக, அதாவது பத்திரத்தோடு சேர்க்கப்படும் திருத்தக் குறிப்பாக, பதிவாகியிருந்தாலன்றி, பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை இருக்கிறது. வீட்டில் ஆள் இருந்தால் மின்கசிவின் வாடையை உடனே உணர்ந்து ஓடி வருவார். பூட்டிய வீட்டில் அக்கம்பக்கத்தார் புகையைப் பார்க்கும்போது பாதி வீடு போயிருக்கும். அதனால்தான் அந்த நிபந்தனை வைக்கப்பட்டது, அது நியாயமான நிபந்தனைதான். நாளைக்கே நீங்கள் வாடகைக்கு ஆள் வைத்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் வீட்டை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் ஆபத்தின் அளவை மாற்றும். ஆகவே இதைப் படித்த கையோடு, முகவருக்காகக் காத்திராமல், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பத்திர எண், வீடு பூட்டப்பட்ட தேதி, சாவி யாரிடம் இருக்கிறது, யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறார்கள், வாடகைக்கு விடும் எண்ணம் உண்டா என்ற விவரங்களை எழுதி, பாதுகாப்பு தொடர்கிறது என்பதை எண்டார்ஸ்மென்ட்டாக உறுதிப்படுத்தித் தரும்படி கேளுங்கள். அவர்கள் கூடுதல் பிரிமியம் கேட்கலாம், சில பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யச் சொல்லலாம். அவை ஆபத்துக்கான விலை. நிர்வாகக் கட்டணம் அல்ல.

படித்த, பொறுப்பான ஓர் ஆசிரியை 30 ரிங்கிட்டுக்கு அஞ்சி தன் வீட்டின் பாதுகாப்பையே அறியாமல் பணயம் வைத்திருக்கிறார் என்றால், பத்திரத்தை ஒருமுறையும் திறந்து பார்க்காத மற்றவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாற்றக் கட்டணத்தை நான் எதிர்ப்பதற்கு அந்தத் தொகை பெரிது என்பது காரணமல்ல. அது மனிதர்களைப் பேசாமல் இருக்கப் பழக்குகிறது என்பதே காரணம். காப்புறுதியில் வாடிக்கையாளர் பேசாமல் இருந்ததன் விலை, தீயோ விபத்தோ நடந்து இழப்பீடு கோரும் நாளில்தான் தெரியவரும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 9ஆம் அட்டவணை, காப்புறுதி ஒப்பந்தத்தைச் செய்யும்போதும் புதுப்பிக்கும்போதும் மாற்றும்போதும் தவறான விவரம் தராதபடி நியாயமான கவனம் எடுக்கும் கடமையைப் பயனீட்டாளருக்கு விதிக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்திரமும் தன் நிபந்தனைகளில், இடையில் நிகழும் இன்னின்ன மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. ஒரு கையால் கடமையை விதித்து, மறு கையால் அந்தக் கடமைக்குச் சுங்கம் வசூலிப்பது நிறுவனத்தின் சொந்த நலனுக்கே எதிரானது. தான் ஏற்றிருக்கும் ஆபத்து உண்மையில் எப்படிப்பட்டது என்பது தெரியாமல்தானே அந்த நிறுவனம் விலை நிர்ணயிக்க நேரும்!

இனி உங்கள் காரின் கணக்குக்கு வருவோம். இதில் நீங்கள் 50 ரிங்கிட்டைப் பற்றி வருந்துகிறீர்கள். ஆனால் பெரிய தொகை வேறோர் இடத்தில் போயிருக்கிறது. ஆண்டின் 365 நாளில் 100 நாள் கழிந்தன, 265 நாள் மீதமிருந்தன. நாள் கணக்கில் பிரித்தால் 960 ரிங்கிட்டில் ஏறக்குறைய 697 ரிங்கிட் உங்களுக்குத் திரும்ப வந்திருக்க வேண்டும். நீங்கள் எழுநூறு என்று எண்ணியது சரியான கணக்குதான். ஆனால் வாடிக்கையாளரே பத்திரத்தை ரத்து செய்யும்போது நிறுவனம் நாள் கணக்கில் திருப்பித் தருவதில்லை. உங்கள் பத்திரத்தில் ரத்து பற்றிய பகுதியில் குறுகிய காலப் பட்டியல் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரு வாரத்துக்குள் ரத்து செய்தால் 87.5 விழுக்காடு, ஒரு மாதத்துக்குள் 75, இரண்டு மாதத்துக்குள் 62.5, மூன்று மாதத்துக்குள் 50, நான்கு மாதத்துக்குள் 37.5, ஆறு மாதத்துக்குள் 25, எட்டு மாதத்துக்குள் 12.5 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். எட்டு மாதம் தாண்டினால் எதுவும் கிடைக்காது. நீங்கள் நான்காவது மாதத்தில் இருந்தீர்கள், எனவே 960இல் 37.5 விழுக்காடு, 360 ரிங்கிட். பத்து நாள் முன்னதாக ரத்துக் கடிதம் போயிருந்தால் 480 ரிங்கிட் கிடைத்திருக்கும். காரை விற்க எண்ணியிருக்கும் மற்ற வாசகர்கள் இந்தப் படிகளைக் கவனத்தில் கொள்வது நல்லது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தெரிவிப்பதற்கும் இரண்டு நாள் கழித்துத் தெரிவிப்பதற்கும் நூறு ரிங்கிட்டுக்கு மேல் வேறுபாடு வரலாம். எல்லா நிறுவனங்களின் பட்டியலும் ஒன்றுபோல் இருக்காது என்பதால் அவரவர் பத்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாள் கணக்குக்கும் பட்டியலுக்கும் இடையே உள்ள 337 ரிங்கிட்டை நிறுவனம் ஏன் வைத்துக்கொள்கிறது? பத்திரத்தை வெளியிட்ட செலவு, முகவருக்குக் கொடுத்த கமிஷன், சாலை வரி எடுப்பதற்காக மட்டும் காப்புறுதி வாங்கி உடனே ரத்து செய்பவர்களைத் தடுப்பது என்று பல காரணங்கள் சொல்வார்கள். அவற்றில் உண்மை உண்டு. இந்தப் பட்டியல் கடுமையானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது பத்திரத்தில் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது, நீங்களும் அந்த ஒப்பந்தத்தை ஏற்றிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரத்து செய்வதற்கான நிர்வாகச் செலவு ஏற்கெனவே அந்த 337 ரிங்கிட்டுக்குள் அடங்கிவிட்டது. அதற்கு மேல் இன்னொரு 50 ரிங்கிட் கழிக்கப்பட்டால், ஒரே வேலைக்கு இருமுறை பணம் வாங்கப்பட்டிருக்கிறது என்று பொருள். உங்கள் பத்திரத்தை முழுவதும் படித்தேன். பிரிமியத்தைத் திருப்பித் தரும்போது நிர்வாகக் கட்டணம் கழிக்கப்படும் என்ற வரி அதில் எங்கும் இல்லை.

அப்படியானால் அந்த 50 ரிங்கிட் யாரிடம் போயிற்று? இதை நிறுவனத்திடமே கேட்டால் தெரிந்துவிடும். பத்திரம் ரத்தாகும்போது நிறுவனம் ஒரு ரத்து எண்டார்ஸ்மென்ட்டும் கிரெடிட் நோட்டும் வெளியிடும். எவ்வளவு பிரிமியம் திரும்பியது, அதற்குரிய சேவை வரி எவ்வளவு என்பது அதில் இருக்கும். 2024 மார்ச் 1 முதல் பொதுக் காப்புறுதிக்குச் சேவை வரி 8 விழுக்காடு. நீங்கள் கட்டிய 960 ரிங்கிட்டுக்கு 76 ரிங்கிட் 80 சென் வரியும், பத்திரத்துக்கு 10 ரிங்கிட் முத்திரை வரியும் செலுத்தியிருப்பதை உங்கள் பில்லிலேயே பார்க்கலாம். முத்திரை வரி திரும்பாது. ஆனால் 360 ரிங்கிட் பிரிமியம் திரும்பினால், அதற்குரிய வரியான 28 ரிங்கிட் 80 சென்னும் கிரெடிட் நோட்டில் சரிசெய்யப்பட வேண்டும். அதாவது கிரெடிட் நோட்டில் 388 ரிங்கிட் 80 சென் என்று இருந்து, உங்கள் கணக்கில் 310 வந்திருந்தால், இடையில் நின்றது 78 ரிங்கிட் 80 சென். கிரெடிட் நோட்டிலேயே 310 என்று இருந்தால், கேள்வியை நிறுவனத்திடம் எழுப்ப வேண்டும். இரண்டில் எது என்பது தெரியாமல் முகவரைக் குற்றம் சொல்வதும் நிறுவனத்தைக் குற்றம் சொல்வதும் சரியாகாது.

முகவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மக்களில் பலர் இந்தத் தொழிலில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். வாகனக் காப்புறுதியில் முகவரின் கமிஷன் பிரிமியத்தில் 10 விழுக்காடு. உங்கள் பத்திரத்தில் அவருக்கு 96 ரிங்கிட் கிடைத்திருக்கும். நீங்கள் ரத்து செய்ததும், திரும்பிய 360 ரிங்கிட்டுக்கான 36 ரிங்கிட் கமிஷனை நிறுவனம் அவரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். அதோடு கார் விற்றதற்கான சான்றை வாங்கி, விண்ணப்பத்தை எழுதி, கிளை அலுவலகத்துக்கு அலைந்து அவர் செய்த வேலைக்கு நிறுவனம் எதுவும் தராது. முகவரிகளை மாற்றுவதும் ஓட்டுநர் பெயரைச் சேர்ப்பதும் அவருக்கு ஊதியமில்லாத வேலைகளே. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் முகவர் வாடிக்கையாளரிடம் கை நீட்டுவது எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி நிறுவனம் விதிக்காத ஒரு கட்டணத்தை வாங்குவது தவறு. உங்களுக்காக அலைந்த செலவை அவர் தன் சொந்தச் சேவைக் கட்டணம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டிருந்தால், கொடுப்பதா, அல்லது நீங்களே நேரடியாக நிறுவனத்திடம் செய்துகொள்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்திருக்கும். அந்த உரிமையைத்தான் நிர்வாகக் கட்டணம் என்ற பெயர் மறைத்துவிட்டது. முகவர்களின் மாற்றப் பணிக்கு நிறுவனங்களே ஒரு சிறு தொகையைத் தந்துவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். அதற்கு அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு நிறைவான பதிலை நான் இதுவரை கேட்டதில்லை.

நிறுவனத்துக்குள் ஒரு மாற்றம் எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால், எது உண்மையான செலவு என்பது விளங்கும். முகவரி மாற்றக் கடிதம் வந்தால், அடையாள அட்டை எண்ணையும் கையொப்பத்தையும் சரிபார்த்து, கணினியில் ஒரு வரியைத் திருத்தி, எண்டார்ஸ்மென்ட்டை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். சில நிமிட வேலை. வாடிக்கையாளரே இணையத்தில் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள நிறுவனங்களில் அந்த நிமிடங்களும் இல்லை. வாகனப் பதிவு எண்ணில் திருத்தம் என்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குச் செல்லும் மின்பதிவையும் திருத்த வேண்டும், சற்றுக் கூடுதல் வேலை. வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் பெயர் தீ காப்புறுதியில் பதிவாகியிருந்தால், அதை மாற்ற வங்கிக்கும் நிறுவனத்துக்கும் இடையே கடிதங்கள் போய்வர வேண்டியிருக்கும். ஆபத்தை மாற்றும் திருத்தமானால் அதை ஆய்ந்து விலை சொல்லும் அதிகாரியின் மேசைக்குப் போகும். இந்த நான்கு வேலைக்கும் ஒரே கட்டணம் என்று எந்த நிறுவனமாவது சொன்னால், அந்தத் தொகை செலவிலிருந்து கணக்கிடப்பட்டதல்ல என்று நான் உடனே முடிவு செய்துவிடுவேன்.

கட்டணத்தை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் எந்த மாற்றமும் கேட்காத வாடிக்கையாளர், அடிக்கடி மாற்றம் கேட்பவரின் செலவை ஏன் சுமக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். நிறுவன வாடிக்கையாளர்களைப் பொறுத்தவரை இதை நான் ஏற்கிறேன். ஐம்பது லாரிகளை வைத்துக்கொண்டு மாதந்தோறும் ஓட்டுநர்களையும் வண்டிகளையும் மாற்றும் ஒரு போக்குவரத்து நிறுவனத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையே மாற்றப் பணிக்குத் தனி ஒப்பந்தம் இருப்பதே நல்லது. ஆனால் தனிமனிதர்களிடம் இந்த வாதம் நிற்கவில்லை. வீடு மாறுவதும், கண் பார்வை மங்கியதால் காரை விற்பதும், பிள்ளைக்கு லைசென்ஸ் கிடைப்பதும் எல்லோர் வாழ்விலும் ஏதோ ஓர் ஆண்டில் நிகழ்பவை. இந்த ஆண்டு உங்களுக்கு, அடுத்த ஆண்டு அடுத்த வீட்டாருக்கு. எப்போதாவது ஒருவருக்கு வரும் செலவைப் பலர் சேர்ந்து தாங்குவதுதானே காப்புறுதியின் அடிப்படை! பெரிய தீ விபத்தைப் பகிர்ந்துகொள்ள முடிந்த கூட்டம், ஒரு முகவரி மாற்றத்தின் சில நிமிடங்களைப் பகிர்ந்துகொள்ள முடியாதா?

உங்கள் மகன் சொன்னதும் உண்மைதான். பிரிட்டனில் வாகனக் காப்புறுதியிலும் வீட்டுக் காப்புறுதியிலும் முகவரி மாற்றத்துக்கும் ரத்துக்கும் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் தரகர்களும் பலர் இருக்கிறார்கள். வாங்காத நிறுவனங்களும் இருக்கின்றன. அங்குள்ள நிதி நடத்தை ஆணையம் 2023 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்திய பயனீட்டாளர் கடமை விதிகளின்படி, வாடிக்கையாளர் கொடுக்கும் விலை அவர் பெறும் பயனுக்கு ஏற்றதாக இருக்கிறது என்பதை நிறுவனமே காட்ட வேண்டும். மாற்றக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் அங்கேயும் இன்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில்தான் இருக்கின்றன. அங்கே வழக்கம் என்பதால் இங்கே கொடுத்துவிட வேண்டியதில்லை என்று மகனிடம் சொல்லுங்கள். உங்கள் பத்திரம் மலேசியச் சட்டத்துக்கும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் மேற்பார்வைக்கும் உட்பட்டது. நிதிப் பயனீட்டாளர்களை நியாயமாக நடத்துவது பற்றிய கொள்கை ஆவணத்தைப் பேங்க் நெகாரா 2019 நவம்பரில் வெளியிட்டது. நிறுவனமும் அதன் சார்பில் செயல்படும் முகவர்களும் வாடிக்கையாளரிடம் தெளிவாகவும் நேர்மையாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. பத்திரத்தோடு உங்களுக்குத் தரப்பட்ட பொருள் விவரத் தாளில் (Product Disclosure Sheet), நான் செலுத்த வேண்டிய கட்டணங்கள் எவை என்ற தலைப்பில் ஒரு பகுதி இருக்கும். உங்கள் தாளில் அந்தப் பகுதியில் சேவை வரி, முத்திரை வரி, முகவர் கமிஷன் ஆகிய மூன்றும்தான் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. மாற்றக் கட்டணம் என்று எதுவும் இல்லை.

உங்கள் கணவரின் காரில் முகவரியும் ஓட்டுநர் பெயரும் இரண்டு வேறு செய்திகள். 2017 ஜூலை 1 முதல் முழுப் பாதுகாப்பு வாகனக் காப்புறுதியின் விலையை அந்தந்த நிறுவனமே ஆபத்தைப் பொறுத்து நிர்ணயிக்கிறது. கார் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் அந்தக் கணக்கில் சேரலாம். ஆகவே முகவரி மாற்றம் தெரிவித்தே ஆக வேண்டியது, அதற்கு நிர்வாகக் கட்டணம் தர வேண்டியதில்லை. மகளைச் சேர்ப்பதற்கு நிறுவனம் ஒரு சிறு கூடுதல் பிரிமியம் கேட்கக்கூடும். அப்படிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பெயர் குறிக்கப்படாத ஒருவர் ஓட்டும்போது விபத்து நடந்தால், கார் சேதத்துக்கான இழப்பீட்டில் முதல் 400 ரிங்கிட்டை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்ற கட்டாயக் கழிவு பத்திரத்தில் இருக்கிறது. முகவர் கேட்கும் 30 ரிங்கிட் கூடுதல் பிரிமியமா, நிர்வாகக் கட்டணமா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிமியமானால் அது எண்டார்ஸ்மென்ட்டில் எண்ணாக அச்சிடப்பட்டு வரும், அதன் மீது சேவை வரியும் காட்டப்பட்டிருக்கும்.

இதே வழியில் ஆயுள் காப்புறுதி பற்றியும் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள், உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும். முஸ்லிம் அல்லாதோரின் ஆயுள் பத்திரத்தில் வாரிசு நியமனத்தை நிதிச் சேவைச் சட்டத்தின் 10ஆம் அட்டவணை ஆள்கிறது. திருமணத்துக்கு முன் தம்பியின் பெயரைக் குறித்துவைத்த ஒருவருக்குத் திருமணமாகிக் குழந்தைகள் பிறந்துவிட்டதால் மட்டும் அந்த நியமனம் மாறிவிடாது; உயிலில் மனைவியின் பெயரை எழுதினாலும் மாறாது. நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தால்தான் மாறும். இந்த ஒரு படிவத்துக்கு எந்த நிறுவனமும், எந்த முகவரும், எந்தப் பெயரிலும் ஒரு சென் கூட வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாற்றாமல் விட்டதன் விளைவை, கணவரை இழந்து இந்த அலுவலகத்துக்கு வந்து அமரும் பெண்களின் முகத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு ஒரே மின்னஞ்சலில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். என் கார்ப் பத்திரத்தின் ரத்து எண்டார்ஸ்மென்ட்டையும் கிரெடிட் நோட்டையும் அனுப்புங்கள். 50 ரிங்கிட் நிர்வாகக் கட்டணம் பத்திரத்தின் எந்த நிபந்தனையின் கீழ் கழிக்கப்பட்டது. என் கணவரின் பத்திரத்தில் முகவரி மாற்றத்துக்கும் ஓட்டுநர் பெயரைச் சேர்ப்பதற்கும் உங்கள் நிறுவனம் நிர்ணயித்த கட்டணம் உண்டா, உண்டென்றால் அது எங்கே அறிவிக்கப்பட்டிருக்கிறது. கோபமான சொற்கள் தேவையில்லை. முகவரின் பெயரை இந்த முதல் கடிதத்தில் குற்றச்சாட்டாகக் குறிப்பிடவும் தேவையில்லை. ஆவணங்கள் வந்ததும் எல்லாம் தானே தெரியும். பெரும்பாலான இத்தகைய தகராறுகள் இந்த முதல் மின்னஞ்சலோடு முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

முடியவில்லை என்றால், நிறுவனத்தின் இறுதிப் பதிலை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், நிதி நிறுவனங்களோடு பயனீட்டாளருக்கு வரும் தகராறுகளைத் தீர்க்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையை அணுகலாம். முன்பு நிதிச் சேவை ஓம்புட்ஸ்மன் என்ற பெயரில் இயங்கிய அமைப்பும், மூலதனச் சந்தைத் தகராறுகளைத் தீர்த்துவந்த அமைப்பும் இணைந்து 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் செயல்படுகின்றன. பயனீட்டாளருக்கு அங்கே செலவில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் புகாரை எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். கட்டணம் பொதுவாக அதிகம், குறுகிய காலப் பட்டியல் கொடுமையானது என்ற வகைப் புகார்களை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் பொதுவான விலை நிர்ணயம் அவர்கள் அதிகாரத்துக்கு வெளியே உள்ளது. பத்திரத்தில் இல்லாத கட்டணம் என்னிடம் கழிக்கப்பட்டது, ஒப்பந்தப்படி எனக்கு வர வேண்டிய தொகை குறைந்து வந்தது என்று எழுதினால் அது அவர்கள் கேட்டுத் தீர்க்கக்கூடிய தகராறு. விலைக் கொள்கையே தவறு என்று சொல்ல விரும்பினால் அதற்குரிய இடம் பேங்க் நெகாரா. அதன் பயனீட்டாளர் தொடர்பு எண் 1-300-88-5465. பினாங்கில் இருப்பதால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் உதவியையும் நீங்கள் நாடலாம். தமிழிலேயே உங்கள் பிரச்சினையை எடுத்துச் சொல்ல முடியும்.

இதற்கிடையில் நேரம் கடக்கிறது என்பதால் ஒரு நடைமுறை யோசனை. மகள் நாளை அந்தக் காரை ஓட்ட வேண்டியிருக்கிறது, முகவர் 30 ரிங்கிட் தந்தால்தான் விண்ணப்பத்தை அனுப்புவேன் என்கிறார் என்றால், முதலில் நிறுவனத்தின் கிளைக்கோ தொலைபேசிச் சேவைக்கோ நேரடியாகச் சொல்லிப் பாருங்கள். அதுவும் தாமதமானால் அந்தத் தொகையைக் கொடுத்து, நிறுவனத்தின் பெயரில் அதிகாரபூர்வ ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால், பணத்தை எந்த வேலைக்காகப் பெற்றேன் என்று முகவர் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். பிறகு திரும்பக் கேட்பதற்கு அதுவே சான்றாகும். எண்டார்ஸ்மென்ட் கையில் வந்து, மகளின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பிழையின்றி இருக்கின்றனவா என்று நீங்களே கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்த பிறகு மகளிடம் சாவியைக் கொடுங்கள்.